பைபாஸுக்கு 90 நாள் வாரண்டி

பைபாஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு பத்தே நாள்ல நெஞ்சுல தையல் போட்ட இடம் சீழ் பிடிக்குதுன்னு வைங்க. திரும்ப அட்மிஷன், திரும்ப ஸ்கேன், திரும்ப பில். செய்யற ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா காசுன்னு இருக்கிற இடத்துல, சரியா செய்யாம விட்டதுக்கும் ஆஸ்பத்திரிக்கு வருமானம்தான். டாக்டருங்களை குத்தம் சொல்லல, பணம் வர்ற வழியே அப்படி.

அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல கைசிங்கர்னு ஒரு மருத்துவ அமைப்பு, 2006ல இதை மாத்திப் பார்த்தாங்க. அவசரமில்லாம, நாள் குறிச்சு செய்யற பைபாஸுக்கு ஒரே ரேட், ஆபரேஷனுக்கு முந்தின டெஸ்ட்ல ஆரம்பிச்சு 90 நாள் வரைக்கும் அதனால வர்ற சிக்கலும் அதுக்குள்ளயே அடக்கம், அதாவது சீழ் பிடிச்சா செலவு இப்ப ஆஸ்பத்திரி தலையில. அவங்ககிட்ட சொந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் இருந்ததால இதை செய்ய முடிஞ்சது.

அதுக்காக சர்ஜன்கள் எல்லாரும் உக்காந்து, கட்டாயம் செய்யவேண்டிய 40 விஷயத்தை எழுதினாங்க. கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் போடணும்ங்கிறது ஒண்ணு, ஏன்னா தோலை வெட்டற நேரத்துல மருந்து சதைக்குள்ள ஏற்கனவே நிக்கணும், கிருமி உள்ள போன பிறகு ஓடினா லேட். இன்னொண்ணு, முடிஞ்சவரை நெஞ்செலும்புக்குப் பின்னாடி ஓடற தமனியை எடுத்து, அடைப்பைத் தாண்டி இதய ரத்தக்குழாய்ல ஒட்டணும், கால்ல இருந்து எடுக்கற ரத்தக்குழாய் வருஷம் போகப்போக அடைச்சுக்க வாய்ப்பு அதிகம், இந்த நெஞ்சுத் தமனி 10 வருஷம் கழிச்சும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஒரு சர்ஜன் ஏதாவது ஒண்ணை விடணும்னு நினைச்சா விடலாம், ஆனா காரணத்தை எழுதி வைக்கணும்.

இதுல என்னை உலுக்கினது ஒரு நம்பர். ஆரம்பத்துல அந்த 40ம் முழுசா கிடைச்சது 59% பேருக்குத்தான். நல்ல பேரு எடுத்த ஆஸ்பத்திரி, எழுதினதும் அவங்களே! சில மாசத்துலயே அது 100% ஆச்சு. புது மருந்தோ புது மெஷினோ எதுவும் வரல, ஏற்கனவே தெரிஞ்சதை ஒவ்வொருத்தருக்கும் விடாம செஞ்சாங்க, அவ்வளவுதான்.

ஆனா எதை அளக்கறோம்ங்கிறதுல ரொம்ப கவனமா இருக்கணும். 2012ல மெடிகேர், அதாவது முக்கியமா வயசானவங்களுக்கான அமெரிக்க அரசோட இன்சூரன்ஸ், ஹார்ட் அட்டாக், ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிங்க 30 நாளுக்குள்ள எதிர்பார்த்ததைவிட அதிகமா திரும்ப அட்மிட் ஆனா ஆஸ்பத்திரிக்கு அபராதம்னு கொண்டுவந்தாங்க. அட்மிஷன் குறைஞ்சது, ஆனா ஹார்ட் ஃபெயிலியர்ல சாவு கூடிடுச்சுன்னு 2017ல ஒரு ஆய்வு வந்து பெரிய விவாதமே நடந்தது, மறுத்தவங்களும் இருக்காங்க. திரும்ப அட்மிட் ஆனா 3% வரைக்கும் பணத்துல கை வைக்கிறாங்க, அதே 30 நாள்ல நோயாளி செத்துப்போனா வெட்டு அதைவிட ரொம்ப கம்மி.