மீரொ, மிரோ: ஸ்பானிய வினைச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

ஸ்பானியம் கற்கத் தொடங்கியவரின் கையில் முதல் மாதத்திலேயே ஓர் அட்டவணை வந்து சேரும். ஒரே ஒரு வினைச்சொல். நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு பத்திகள். காலத்தையும் சொல்பவரின் நோக்கையும் காட்டும் ஒன்பது வரிசைகள். ஆக 54 கட்டங்கள். துணைவினை சேர்ந்து வரும் கூட்டுக் காலங்கள் இந்தக் கணக்கில் இல்லை. நானும் இதை வாய்பாடு போல ஒப்பித்தேன். இரண்டே வாரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோனது. பிறகு பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணம் நினைவுக்கு வந்தது. பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியபோதுதான் அந்த அட்டவணை பேச ஆரம்பித்தது.

நாம் எடுத்துக்கொள்ளப்போகும் சொல் மிரார். 'பார்ப்பது' என்று பொருள். லத்தீனில் இதன் மூலச் சொல்லுக்கு 'வியப்பது' என்று பொருள். ஸ்பானியத்துக்கு வந்தபோது வியப்பு தேய்ந்து பார்வை மட்டும் மிஞ்சியது. விதிவிலக்கு எதுவும் இல்லாத ஒழுங்கான வினை இது.

தொடங்குமுன் ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். ஸ்பானியத்தில் குறில், நெடில் வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை அழுத்தம் பெறும். அந்த அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். தமிழில் அழுத்தத்துக்கு இந்த வேலை கிடையாது என்பதால் நம் காது அதை எளிதில் தவறவிடுகிறது. எனவே இங்கே அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுகிறேன். மீரொ என்றால் 'பார்க்கிறேன்'. மிரோ என்றால் 'பார்த்தார்'. ஸ்பானிய எழுத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு கடைசி எழுத்தின் தலையில் இடப்படும் ஒரு சிறு கோடுதான். அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டால் ஆளும் மாறிவிடுவார், காலமும் மாறிவிடும்.

நிகழ்காலம் இப்படிப் போகிறது: மீரொ, மீரஸ், மீர, மிராமொஸ், மிராய்ஸ், மீரன். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. 'பார்க்கிறேன்' என்பதில் 'ஏன்' இருப்பதுபோல இங்கேயும் விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. ஸ் வந்தால் நீ, மொஸ் வந்தால் நாங்கள், ய்ஸ் வந்தால் நீங்கள், ன் வந்தால் அவர்கள். ஒன்றுமே வராவிட்டால் அவன் அல்லது அவள். ஏறத்தாழ எல்லாக் காலங்களிலும் இந்த விகுதிகளே திரும்ப வருகின்றன. 54 கட்டங்களில் பெரும்பகுதி இப்போதே கைக்கு வந்துவிட்டது.

இந்த ஆறு கட்டங்களும் எல்லா ஊரிலும் ஒரேபோலப் பயன்படுவதில்லை. மிராய்ஸ் ஸ்பெயினில் உயிரோடு இருக்கிறது. லத்தீன் அமெரிக்காவின் அன்றாடப் பேச்சில் இல்லை, அங்கே பலரைப் பார்த்துப் பேசும்போதும் மீரன்தான். அர்ஜென்டினாவில் நெருங்கிய ஒருவரிடம் பேசும்போது மீரஸ் என்பது மிராஸ் ஆகிவிடும். மரியாதைக்குரிய ஒருவரை உஸ்தேத் என்று அழைப்பார்கள். 'உங்கள் அருள்' என்ற பழைய தொடர் சுருங்கி உண்டான சொல் அது. எதிரில் நிற்பவரின் அருளைப் பற்றிப் பேசுவதாக வைத்துக்கொள்வதால் வினை படர்க்கையில் வருகிறது. 'ஐயா என்ன நினைக்கிறார்?' என்று ஐயாவிடமே கேட்பது நமக்கும் பழக்கம்தானே.

இனி இறந்தகாலம். ஸ்பானியத்தில் அது இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மிராபமொஸ் என்ற சொல்லைப் பிரித்தால் மிர் + ஆ + ப + மொஸ். மிர் பகுதி. ஆ என்பது இந்த வினை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் உயிர். ப கால இடைநிலை. மொஸ் விகுதி. பார் + த்த் + ஓம் என்ற நம் வரிசையே இது. வகுப்பு உயிர் மட்டும் கூடுதல். அந்த 'ப' லத்தீனிலிருந்து நேராக வந்தது. அங்கே அமாபம் என்றால் 'நேசித்துக்கொண்டிருந்தேன்', அமாபத் என்றால் 'நேசித்துக்கொண்டிருந்தார்'. கடைசி மெய்கள் உதிர்ந்ததால் இன்று 'நான்' என்றாலும் 'அவர்' என்றாலும் மிராப ஒன்றுதான். யார் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைச் சூழலிலிருந்து ஊகிக்க வேண்டும்.

மற்ற இறந்தகாலம்: மிரே, மிராஸ்தெ, மிரோ, மிராமொஸ், மிராஸ்தெய்ஸ், மிராரொன். இங்கே மூட்டுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. மிரே என்பதில் காலம் எது, இடம் எது என்று கத்தி வைக்க முடியாது. லத்தீனின் அமாவி பேச்சுவழக்கில் அமாய் ஆகி, பின்னர் ஸ்பானியத்தில் அமே ஆனது. அமாவித் சுருங்கி அமோ ஆனது. மிரேயும் மிரோவும் அதே அச்சில் வார்த்தவை. நீ என்பதற்குரிய மிராஸ்தெயில் மட்டும் வழக்கமான ஸ் இறுதியில் இல்லை. பேச்சில் பலர் தாங்களாகவே அதைச் சேர்த்து மிராஸ்தெஸ் என்கிறார்கள். ஆசிரியர்கள் திருத்துகிறார்கள். எனக்கு அந்தப் பிழை பிடிக்கும். மற்ற எல்லா இடத்திலும் இருக்கும் விதி இங்கே மட்டும் ஏன் இல்லை என்று மக்களின் நாக்கு கேட்கும் கேள்வி அது.

இரண்டு இறந்தகாலம் எதற்கு? மிரே எல் மார் என்றால் 'கடலைப் பார்த்தேன்'. நடந்தது, முடிந்தது. மிராப எல் மார் என்றால் அந்தப் பார்வைக்குள்ளேயே நம்மை நிறுத்திவைக்கிறது: 'கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்'. அதே தொடருக்கு இன்னொரு பொருளும் உண்டு: 'அந்த நாளில் தினமும் கடலைப் பார்ப்பேன்'. அந்தத் தமிழ் வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பழைய நாளின் பழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தை எடுத்துக்கொள்கிறோம். 'சிறுவயதில் ஆற்றில் குளிப்போம்' என்கிறோம், யாரும் குழம்புவதில்லை. முடிந்த செயலையும் வழக்கமாக நிகழ்ந்த செயலையும் பிரித்துக் காட்டும் தேவை இரண்டு மொழிக்கும் இருந்திருக்கிறது. ஸ்பானியம் அதற்குத் தனி இடைநிலை வைத்துக்கொண்டது. தமிழ், கையில் இருந்த இன்னொரு காலத்தைப் பயன்படுத்திக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த வரிசை எதிர்காலம்: மிரரே, மிரராஸ், மிரரா, மிரரேமொஸ், மிரரேய்ஸ், மிரரான். இதில் மிரார் என்ற முழுச் சொல்லும் அப்படியே இருக்கிறது. அதன் இறுதி மெய்யின்மேல் ஓர் உயிர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஏறிய உயிர் எங்கிருந்து வந்தது? 'கொண்டிருத்தல்' என்ற பொருளுடைய அபேர் என்ற துணைவினையின் நிகழ்காலத்தைச் சொல்லிப் பாருங்கள்: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், அபேய்ஸ், ஆன். மிரார் + ஏ = மிரரே. மிரார் + ஆஸ் = மிரராஸ். புணர்ச்சி விதி படித்த தமிழ் மாணவர் தயங்காமல் பிரித்துவிடுவார். 'பார்க்க வேண்டியது என்னிடம் இருக்கிறது' என்ற பழைய தொடர் உறைந்து 'பார்ப்பேன்' ஆகியிருக்கிறது.

லத்தீனுக்குத் தனி எதிர்காலம் இருக்கத்தான் செய்தது. அமாபித் என்றால் 'நேசிப்பார்', அமாவித் என்றால் 'நேசித்தார்'. காலப்போக்கில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்த இவ்விரு மெய்களும் ஒரே ஒலியாகிவிட்டன. நேற்றையும் நாளையையும் காதால் பிரிக்க முடியாத மொழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மக்கள் துணைவினையைத் துணைக்கு அழைத்தார்கள். 7ஆம் நூற்றாண்டில் பிராங்கியர் நாட்டில் எழுதப்பட்ட, பிரெடகார் என்ற பெயரால் வழங்கும் லத்தீன் வரலாற்றேட்டில் ஒரு கதை வருகிறது. நிலப்பகுதிகளைத் திருப்பித் தரச்சொன்ன கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனிடம் தோற்ற பாரசீக மன்னர் 'தர மாட்டேன்' என்கிறார். அவர் சொல்வது பழைய லத்தீன் எதிர்காலமான தாபொ. பேரரசர் 'தருவாய்' என்கிறார். அது புதிய எதிர்காலமான தராஸ். தராஸ் என்ற நகரத்தின் பெயருக்குக் காரணமாக அந்த ஏடு இதைச் சொல்கிறது. பெயர்க் காரணம் கதையாகவே இருக்கட்டும். பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே உரையாடலில் மோதிக்கொள்வது மொழி வரலாற்றில் கிடைத்தற்கரிய சாட்சி.

அந்த ஒட்டு இறுகுவதற்கு நீண்ட காலம் பிடித்தது. இடைக்கால ஸ்பானியத்தில் நடுவே வேறொரு சொல்லைச் செருக முடிந்தது: மிரார்லொ ஏ, அதாவது 'பார்க்க-அதை-உள்ளேன்'. எழுத்துப் போர்ச்சுகீசியத்தில் இன்றும் அப்படிச் செருகலாம். 1492இல் சலமன்காவில் காஸ்டீலியம் எனப்படும் ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கண நூலை அச்சிட்ட அந்தோனியோ தெ நெப்ரிஹா, எதிர்காலம் இரண்டு சொற்களின் சேர்க்கை என்று அப்போதே எழுதிவைத்தார்.

அதே மிராரோடு அபேரின் இறந்தகால இறுதியான ஈய சேர்ந்தால் மிரரீய. 'முடிந்தால் பார்ப்பேன்', 'பார்க்கலாம்தான்' என்று நிபந்தனையோடு பேசும் வடிவம். எதிர்கால வடிவத்தால் ஊகமும் செய்யலாம். எஸ்தரா என் காஸ என்பது சொல்லுக்குச் சொல் 'வீட்டில் இருப்பான்'. இப்போது இருப்பான் என்ற ஊகம் அது. தமிழும் இதையே செய்கிறது. கடந்துபோன நேரத்தைக் குறித்து 'அப்போது மணி மூன்று இருக்கும்' என்பதற்கு ஸ்பானியர் நிபந்தனை வடிவத்தைப் பயன்படுத்திச் செரீயன் லஸ் த்ரேஸ் என்பார்கள்.

இதுவரை பார்த்தவை காலத்தைப் பற்றியவை. கற்பவரை உண்மையில் திணறவைப்பது அடுத்தது: நோக்கு. க்ரேயொ கெ மீர என்றால் 'அவன் பார்க்கிறான் என்று நினைக்கிறேன்'. நோ க்ரேயொ கெ மீரெ என்றால் 'அவன் பார்க்கிறான் என்று நான் நினைக்கவில்லை'. 'மீர' என்பது 'மீரெ' ஆகிவிட்டது. மாறியது ஒரே ஓர் உயிர். 'இது உண்மை என்று நான் கை வைத்துச் சொல்கிறேன்' என்ற பொறுப்பைச் சொல்பவர் அந்த உயிரை மாற்றிக் கீழே வைத்துவிடுகிறார். விருப்பம், ஐயம், கட்டளை, இன்னும் நடக்காதது எல்லாவற்றுக்கும் இந்த வடிவம்தான்: மீரெ, மீரெஸ், மீரெ, மிரேமொஸ், மிரேய்ஸ், மீரென். ஸ்பானிய வினைகள் மூன்று வகுப்பு. ஆர் என்று முடிபவற்றில் அ எ ஆகும். ஏர், ஈர் என்று முடிபவற்றில் அ என்ற உயிர் வரும். ஒன்றின் உயிரை மற்றது கடன் வாங்குகிறது.

தமிழில் 'நீ பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்' என்று 'வேண்டும்' போட்டுச் சுமப்பதை ஸ்பானியம் இந்த ஒற்றை எகரத்தில் சுமக்கிறது. 'தமிழ் பேசும் மருத்துவரைத் தேடுகிறேன்' என்றால், அப்படி ஒருவரை எனக்குத் தெரியுமா, அல்லது யாராவது இருந்தால் போதுமா? தமிழ் வாக்கியம் சொல்லவில்லை. ஸ்பானியம் சொல்லியே ஆகவேண்டும்: 'பேசும்' என்ற இடத்தில், தெரிந்தவர் என்றால் ஆப்ல, இருந்தால் போதும் என்றால் ஆப்லெ. ஒஹலா என்ற சொல்லுக்குப் பிறகு எப்போதும் இந்த நோக்குதான் வரும். 'இறைவன் நாடினால்' என்ற பொருளுடைய, இடைக்கால ஸ்பெயினில் பேசப்பட்ட அந்தலூசிய அரபுத் தொடரிலிருந்து வந்த சொல் அது. ஒஹலா மீரெ: 'பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!'

ஏவலிலும் இதே உயிர்மாற்றம் வருகிறது. 'பார்' என்பதற்கு மீர. 'பார்க்காதே' என்பதற்கு நோ மீரெஸ்.

இந்த நோக்கின் இறந்தகாலத்துக்கு இரண்டு வடிவங்கள் போட்டியிடுகின்றன: மிரார, மிராஸெ. இரண்டாவது லத்தீனிலும் இதே நோக்கைச் சேர்ந்தது. முதலாவது அங்கே வெறும் இறந்தகாலம், 'பார்த்திருந்தேன்' என்று பொருள். 'பார்த்திருந்தால்' என்ற வாக்கியங்களில் புழங்கிப் புழங்கி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது, இன்று அதுவே அதிகம் கேட்கிறது. இங்கேயும் அழுத்தத்தில் கவனம் வேண்டும்: மிரார என்றால் 'பார்த்தால்', மிரரா என்றால் 'பார்ப்பார்'.

ஒன்பதாவது வரிசை இந்த நோக்கின் எதிர்காலமான மிராரெ. அது பேச்சில் இறந்துவிட்டது. 'எங்கே போகிறாயோ அங்கே காண்பதைச் செய்' என்ற பழமொழியிலும் சட்டத்திலும் மட்டும் மூச்சு விடுகிறது. ஸ்பெயினின் தண்டனைச் சட்டம் கொலைக் குற்றத்தை 'மற்றொருவரைக் கொல்பவர்' என்று தொடங்கும்போது இந்த வடிவத்தையே எழுதுகிறது.

ஸ்பானியம் பேசும் குழந்தைகள் ஒரு கட்டத்தில் 'எனக்குத் தெரியும்' என்பதற்குச் சே என்ற விதிவிலக்கை விட்டுவிட்டு சாபொ என்கிறார்கள். பெரியவர்கள் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. விகுதியைப் பிரித்தெடுத்துத் தாங்களே கோக்கிறார்கள். புதிதாக வரும் வினைகள் அனேகமாக எல்லாமே மிராரின் வகுப்பில்தான் சேர்கின்றன; இணையத்தில் அரட்டை அடிப்பதற்கும் தேடுபொறியில் தேடுவதற்கும் ஆர் என்று முடியும் வினைகள் வந்துவிட்டன.

அன்றாடப் பேச்சில் மிரரே என்பதைவிட வோய் அ மிரார் அதிகம் கேட்கிறது. 'பார்க்கப் போகிறேன்' என்று நாம் சொல்வதற்கு நேரான தொடர்: வோய் என்றால் போகிறேன். வேகமாகப் பேசும்போது வோயும் அகரமும் ஏற்கெனவே ஒன்றோடொன்று ஒட்டி வொஅ என்று ஒலிக்கின்றன.