ஒரு பார்சலுக்கு மூன்று எஸ்எம்எஸ்

"எல்லாமே லைவ்வா வேணும் சார்." தகவல் அமைப்பு ஒன்றை உருவாக்கித் தரப் போன எங்களிடம், ஒரு கூரியர் நிறுவனத்தின் மேலாளர் முதல் கூட்டத்திலேயே இப்படிச் சொன்னார். லைவ் டாஷ்போர்டை யார், எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டேன். தினமும் காலை 9 மணிக் கூட்டத்தில் பார்ப்பார்களாம். அதற்கு, சேர்ந்த தகவலை நள்ளிரவில் மொத்தமாக ஒரே தடவையில் கணக்கிடும் ஒரு பேட்ச் ஜாப் தாராளம்.

ஆனால் அவர்களுடைய குளிர்பதன லாரிகளுக்கு அது போதாது. பெட்டிக்குள் வெப்பம் ஏறினால் உடனே டிரைவருக்குப் போன் போக வேண்டும். தகவல் வந்ததும் ஏதாவது செய்ய ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் ஸ்ட்ரீமிங், அதாவது தகவலை வர வர உடனே கையாளும் முறை, தேவை. லாரிக்கும் வாடிக்கையாளர் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும், வரும் தகவல்களைச் செய்திகளாக வாங்கி வைத்துப் பிற புரோகிராம்களுக்குக் கொடுக்கும் அப்பாச்சி காஃப்கா என்ற மென்பொருளைப் போட்டோம். லிங்க்ட்இன் தன் தேவைக்காக உருவாக்கி, 2011-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது அது.

மூன்றாவது வாரம் புகார் வந்தது. "உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது" என்று ஒரே ஆளுக்கு மூன்று எஸ்எம்எஸ். எங்கள் கோட் முழுவதையும் துருவித் துருவிப் பார்த்தோம், தப்பில்லை. காஃப்காவோடு வரும் டீஃபால்ட் செட்டிங்கை அப்படியே விட்டிருந்ததுதான் வினை. காஃப்காவிலிருந்து செய்திகளை எடுக்கும் புரோகிராமான கன்சூமர் ஒரு தடவைக்கு 500 வரை அள்ளும். 5 நிமிடத்துக்குள் அடுத்த தடவைக்கு வராவிட்டால், அது செத்துப்போனதாகக் கருதி வேலை இன்னொரு கன்சூமருக்குப் போய்விடும். அன்று எஸ்எம்எஸ்களை அனுப்பித்தரும் கேட்வே மந்தம், ஒன்றுக்கு முக்கால் விநாடி. 500-க்கு 375 விநாடி! 300 தாண்டியதும் அடுத்த கன்சூமர் அதே 500-ஐ முதலிலிருந்து அனுப்பத் தொடங்கியது. அதற்கும் அதே கதி.

அள்ளும் அளவை 50 ஆக்கியதும் அன்றைக்கு அடங்கியது. ஆனால் எந்தச் செய்தியும் இரண்டாவது முறை வரலாம் என்று எண்ணித்தான் கோட் எழுத வேண்டும். இப்போது அனுப்பிய பார்சல் எண்களைக் குறித்துவைத்து, பட்டியலில் இல்லாததற்கு மட்டுமே எஸ்எம்எஸ் போகிறது.

லாரிகளில் வேறு தலைவலி. கோத்தகிரி மலைப்பாதையில் சிக்னல் போய்விட்டால் வெப்பம் அளக்கும் கருவி அளவுகளைச் சேர்த்துவைத்து, பிறகு மொத்தமாகக் கொட்டும். கணினி அலறியது, நாங்கள் போன் போட்டோம். "கதவைச் சரியா மூடி அரை மணி நேரமாச்சு சார்" என்றார் டிரைவர். அளவு எங்களிடம் வந்த நேரத்தைப் பார்த்திருக்கிறோம், எடுத்த நேரத்தை அல்ல. தாமதமாக வருவதற்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நிர்வாகம்தான் முடிவுசெய்ய வேண்டும். அதை எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று. காஃப்கா டீஃபால்ட்டாக 7 நாள்தான் செய்திகளை வைத்திருக்கும். நீண்ட விடுமுறையில் கன்சூமர் நின்று யாரும் கவனிக்காவிட்டால், விட்டுப்போனவை அழிந்துவிடும். திரும்ப ஓட்டினால், டீஃபால்ட்படி, புதிதாக வருவதிலிருந்து சத்தமில்லாமல் தொடங்கும். எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதைக் காட்டும் 'லேக்' எண்ணை யாராவது தினமும் பார்த்தாக வேண்டும். அவர்களுடைய பட்ஜெட்டில் சர்வருக்கு ஒரு வரி இருந்தது. இரவு 2 மணிக்குப் போனை எடுக்கும் ஆளுக்கு இல்லை.