பின் ஆக்சில் மாறினால் பிரேக்குக்கு எந்தக் காரின் சாமான்?

கார் கிரானில், அதாவது பதிவுப் பத்திரத்தில், மோரிஸ் மைனர் என்று இருக்கும். பின்னால் பூட்டியிருப்பதோ டொயோட்டா கோரோலாவின் ஆக்சில். பிரேக் ஷூ தேய்ந்ததும் சாமான் கடையில் "மைனருக்குப் பின் ஷூ" என்று கேட்டால் கடைக்காரர் மைனர் ஷூவைத்தான் எடுத்து வைப்பார். அவர் மேல் தவறில்லை. ஆக்சிலை மாற்றிய அன்றே அந்தக் கார் பின்பக்கத்தில் வேறு காராகிவிட்டது, ஆனால் அதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கோலாலம்பூரில் ஆக்சில் மாற்றிய பழைய கார்கள் பிரேக் கோளாறோடு பட்டறைக்கு வரும்போது முதலில் அவிழ்க்க வேண்டியது இந்தக் குழப்பத்தைத்தான்.

மாற்றுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. டொயோட்டா 4கே போன்ற எஞ்சின் ஏறிய பிறகு சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மைனரின் ஹாஃப் ஷாஃப்டை நம்ப முடியாது. பழைய டிஃப் (டிஃபரன்ஷியல்) பற்சக்கர விகிதத்தோடு நெடுஞ்சாலையில் போனால் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடும். அதனால் வெட்டியெடுத்த பழைய கார்ப் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் பிரேக் டிரம்மோடு ஜப்பானிய ஆக்சில் கிடைத்ததும் எல்லார் கண்ணும் அகலத்தின் மேலும் டிஃப் விகிதத்தின் மேலும் ஸ்பிரிங் பேட் வெல்டிங்கின் மேலும் போகிறது. பிரேக்தான் கூடவே வருகிறதே என்று விட்டுவிடுகிறார்கள்.

கடையிலேயே பார்க்க வேண்டியது, அது எந்த மாடலிலிருந்து வந்தது என்பது. சேசிஸ் குறியீட்டுத் தகடு கண்ணில் பட்டால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சலூனா, வேகனா, வேனா என்று கேளுங்கள். வேன் ஆக்சில் சுமைக்காகச் செய்தது. பல வேன்களில் சுமைக்கேற்பப் பின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று அடிச்சட்டத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு ஆக்சிலை மட்டும் எடுத்து வந்து எடை குறைந்த காரில் பூட்டினால், குறைந்த அழுத்தத்திலேயே பின் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும்.

அடுத்து, டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் பம்பு. சிக்கல் அதிகம் இங்கேதான். துளையின் அளவு பெரும்பாலும் பம்பின் உடம்பிலேயே வார்த்திருக்கும். இல்லையென்றால் பிரித்து வெர்னியரால் அளக்க வேண்டும். 5/8 அங்குலம் என்பது 15.87 மிமீ, 3/4 அங்குலம் 19.05 மிமீ. பார்வைக்கு 3 மிமீ வித்தியாசம்தான். ஆனால் தள்ளும் விசை துளையின் பரப்பைப் பொறுத்தது, விட்டத்தை அல்ல. பரப்பு 44 விழுக்காடு கூடுகிறது. மைனரின் 7 அங்குலப் பின் டிரம்முக்குப் பதில் 200 மிமீ டிரம் வந்தால் ஆரத்தால் இன்னொரு 12 விழுக்காடு. மற்றவை ஒன்றாகவே இருந்தாலும் பின் பிரேக்கின் பிடி ஏறக்குறைய 60 விழுக்காடு ஏறிவிடும். முன் பிரேக் பழையபடியே கிடக்கும். பிரேக் அழுத்தும்போது எடை முன்னால் சாய்ந்து பின் டயரின் பிடி குறையும் நேரத்தில் பின் பிரேக் பலமாகப் பிடித்தால், மாலை மழையில் கார் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும்.

பின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு வால்வு ஒன்றை வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வால்வு நுணுக்கமாகச் சரிசெய்வதற்கு. தவறான வீல் பம்பை மூடி மறைப்பதற்கு அல்ல. முதலில் துளையைச் சரிசெய்யுங்கள். ஷூவையும் பம்பையும் தாங்கும் தகடான அதே பேக் பிளேட்டில் உட்காரும் சிறிய துளைப் பம்பு பல மாடல்களுக்குக் கிடைக்கும். எதை மாற்றினாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே வகை. ஒரு பக்கம் மட்டும் ஒழுகுகிறது என்று அந்தப் பக்கம் கிடைத்ததைப் போடுவதுதான் கார் ஒருபக்கம் இழுப்பதற்கு எளிய வழி.

பெடல் தள்ளும் மாஸ்டர் பம்பு மைனரில் கால் வைக்கும் தரைக்கு அடியில், அடிச்சட்டத்துக்குள் இருக்கிறது. அது ஒற்றைச் சர்க்யூட். பின்னால் ஒரு குழாய் விட்டுப்போனால் முன் பிரேக்கும் சேர்ந்தே போகும். பின் ஆக்சில் வேலையில் அலட்சியம் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும். டிரம்முக்காகச் செய்த பழைய மாஸ்டர் பம்பில் குழாய்க்குள் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வும் இருக்கும். நான்கு சக்கரமும் டிரம்மாக இருக்கும்வரை அது வேண்டும். முன்னால் டிஸ்க் போட்டவர்கள் அதை அப்படியே விட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

குழாய் நட்டில் நடக்கும் பிழைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பிரிட்டிஷ் கார்களில் 3/8 அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவுப் புரி) நட், அங்குலத்துக்கு 24 புரி. ஜப்பானிய வீல் பம்பில் எம்10 (10 மிமீ), புரி இடைவெளி 1.0 மிமீ. 3/8 என்பது 9.5 மிமீதான் என்பதால் அந்த நட் எம்10 துளைக்குள் விரலாலேயே வழுக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் இறுகுவதுபோலவும் தெரியும். ஓங்கி மிதிக்கும் அன்றுதான் புரி உரிந்து வெளியே வரும். குழாய் இரண்டிலும் 3/16 அங்குலம்தான். அதனால் ஆக்சில் பக்கம் எம்10 நட், உடம்புப் பக்கம் யூஎன்எஃப் நட் என்று கலந்து புதுக் குழாய் செய்து, நுனியை அது போய் உட்காரும் துளையின் வடிவத்துக்கு ஏற்றபடி விரித்துவிடுங்கள். ஜப்பானியத்துக்கு இரட்டை மடிப்பு 45 பாகை. ஜெர்மன் வகைக் குமிழ் நுனி அதில் உட்காராது, ஒழுகும். வெறும் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும் என்பதால் செம்பு-நிக்கல் குழாயே போடுங்கள். நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸை, சக்கரத்தைத் தொங்கவிட்டு ஆக்சில் முழுவதும் கீழே இறங்கிய நிலையில் அளக்க வேண்டும். சக்கரம் தரையில் நிற்கும்போது போதுமாக இருக்கும் ஹோஸ் ஒரு பள்ளத்தில் இழுபடும்.

பேக் பிளேட்டைத் தலைகீழாகப் பூட்டினால் காற்று எடுக்கும் நிப்பிள் கீழே போய்விடும். எத்தனை முறை மிதித்தாலும் மேலே நிற்கும் காற்று வராது. அதேபோல் ஷூவைக் கடைசிவரை நெருக்கிச் சரிசெய்யாமல் காற்று எடுப்பதும் வீண்வேலை. பெடல் இறங்கினால் பின் ஹோஸை அதற்கான கிளாம்பால் மென்மையாக அழுத்திவிட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் உடனே கெட்டியானால் குறை பின்னால்தான். பழைய ஷூத் தூளைக் காற்றழுத்தத்தால் ஊத வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஹேண்ட்பிரேக்கில் மைனருக்குச் சக்கரத்துக்கு ஒரு கேபிள். டிரம்முக்குள் இருக்கும் லீவரோ இப்போது கோரோலாவுடையது, அது கேட்கும் இழுப்புத் தூரம் வேறு. கேபிளை இழுத்துப் பிடித்துக் கட்டினால் ஷூ முழுதாகத் திரும்பாது, டிரம் சூடேறும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரு டிரம்மின் சூட்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

முதல் சோதனை காய்ந்த, ஆளில்லாத இடத்தில், 30 கிலோமீட்டர் வேகத்தில். பின் சக்கரம் முந்திப் பூட்டினால் அந்தக் காரை வீட்டுக்கு ஓட்ட வேண்டாம். வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமின் பிரேக் ரோலரில் இடவல வித்தியாசம் எண்ணாகவே வந்துவிடும். ஆனால் இது அமைப்பு மாற்றம் என்பதால், வேலைக்கு முன்பே ஜேபிஜேயிடமும் (சாலைப் போக்குவரத்துத் துறை) காப்புறுதி நிறுவனத்திடமும் பேசிவிட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஆக்சிலின் மாடல், வீல் பம்புத் துளை, டிரம்மில் பொறித்த அதிகபட்ச விட்டம், ஷூ எண், நட் புரி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிப் பானெட்டுக்குள் ஒட்டுங்கள். அடுத்த போமனுக்கும் (மெக்கானிக்) சாமான் கடைக்கும் அதுதான் கிரான்.

ஸ்பேர் டயரையும் மறக்க வேண்டாம். மைனரின் சக்கர போல்ட் வட்டத்தின் விட்டம் 101.6 மிமீ, கேஇ70 மாடல் கோரோலாவுக்கு 114.3. முன்னே போகும் சக்கரம் பின்னே போகாது, நட்டும் வேறு. டிக்கியில் இரண்டு ஸ்பேருக்கு இடம் பண்ணுங்கள், இல்லையென்றால் முன் ஹப்பையும் மாற்றுவதற்குக் காசு ஒதுக்குங்கள்.