மெடிக்கல் கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டுமுன்: மருத்துவச் சொற்களை வீட்டிலிருந்து படிப்பது பற்றி

மெடிக்கல் கோடிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் முடித்த சார்ட்டுகளை, அதாவது நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை, தணிக்கை செய்வதும் என் வேலை. விலங்கியல், உயிர்வேதியியல், பார்மசி, பிசியோதெரபி, நர்சிங் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். முன்பெல்லாம் சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ ஹாஸ்டல் எடுத்துத் தங்கி வகுப்புக்குப் போவார்கள். கொரோனாவுக்குப் பிறகு பாதிப் பேருக்கு மேல் சொந்த ஊரில், வீட்டிலேயே ஆன்லைனில் படித்துவிட்டு நேராக இன்டர்வியூவுக்கு வருகிறார்கள். தங்கும் செலவு மிச்சம். கல்யாணம், குழந்தை என்று படிப்பை விட்ட பெண்கள் நிறையப் பேர் இதனால் மறுபடி வேலைக்கு வந்திருக்கிறார்கள். அதனால் ஆன்லைன் படிப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதில் மருத்துவச் சொற்களை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்க மருத்துவமனையில் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு குறியீடு, செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடு என்று கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். நோய்க்கான குறியீட்டுத் தொகுப்பு ஐசிடி-10-சிஎம், அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. டாக்டர் செய்த சிகிச்சைக்கு சிபிடி, ஐந்து இலக்க எண். 95 சதவீதத் துல்லியம் என்பது இங்கே வழக்கமான எதிர்பார்ப்பு. ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் குறியீடு மொத்தமும் வேறு உறுப்புக்குப் போய்விடும்.

ஆன்லைன் வகுப்பில் படித்து வருகிறவர்களிடம் ஒரு பி.டி.எஃப் இருக்கும். கார்டியோ என்றால் இதயம், ஹெபடோ என்றால் கல்லீரல், நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், ஐடிஸ் என்றால் அழற்சி, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. நூற்றுக்கணக்கான சொற்கள், இரண்டு பத்தியாக. அதைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். எம்சிக்யூ டெஸ்டில் நல்ல மார்க்கும் வாங்கியிருப்பார்கள். ஆனால் நிஜமான ஒரு ஆபரேஷன் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் இரண்டாவது பத்தியிலேயே நின்றுவிடுவார்கள்.

பட்டியல் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் கொடுக்கும், உடம்பு அப்படி நடந்துகொள்ளாது. சால்பிங்கைடிஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சால்பிங்கோ என்றால் கருக்குழாய் என்று பி.டி.எஃப் சொல்லும். சரி. இப்போது இ.என்.டி. டாக்டரின் சார்ட் ஒன்று வருகிறது. காது அடைப்பு, சால்பிங்கைடிஸ் என்று எழுதியிருக்கிறார், நோயாளி ஓர் ஆண். பட்டியலை மட்டும் படித்தவர் திருதிருவென்று முழிப்பார். காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கிற யூஸ்டேஷியன் குழாய்க்கும் அதே வேர்ச்சொல்தான், ஐசிடியில் அதற்குக் காதுப் பிரிவில் தனிக் குறியீடே இருக்கிறது. மயலோ என்றால் தண்டுவடம், அதே மயலோ எலும்பு மஜ்ஜையும்தான். செர்விகல் என்று வந்தால் கழுத்தெலும்பாகவும் இருக்கலாம், கருப்பை வாயாகவும் இருக்கலாம். எழுதியவர் எலும்பு டாக்டரா மகப்பேறு டாக்டரா, நோயாளி எதற்காக வந்தார், என்ன பரிசோதனை செய்தார்கள் என்பதை எல்லாம் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். அந்தப் பழக்கம் சார்ட் படித்துத்தான் வரும்.

இன்னொரு சிக்கல் வீடியோவில் படிப்பதால் வருவது. காதால் மட்டும் கேட்டால் சில சொற்கள் ஒன்றுபோலவே இருக்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்: குடலுக்கு நடுவில் ‘ஈ’, எலும்புக்கு ‘ஐ’. தமிழ் மீடியத்தில் பின்சிறுகுடல் என்று படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. ஆங்கிலம் சரியாக வராது என்று கூச்சப்படுகிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெரோனியல் என்றால் கால் நரம்பு, பெரினியல் என்றால் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி. ஹீமாப்டிசிஸ் என்றால் இருமலில் ரத்தம், ஹீமாட்டெமிசிஸ் என்றால் வாந்தியில் ரத்தம். முதலாவது நுரையீரல் பக்கம் போகும், இரண்டாவது இரைப்பை பக்கம்.

இவற்றையாவது சார்ட்டின் மற்ற வரிகளை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். டிஸ்ஃபேஜியா, டிஸ்ஃபேசியா என்று ஒரு ஜோடி இருக்கிறது. முதலாவது விழுங்கச் சிரமம், இரண்டாவது பேச்சில் தடுமாற்றம். பக்கவாதம் வந்தவருக்கு இரண்டுமே வரலாம், ஒரே சார்ட்டில் அடுத்தடுத்த வரியிலும் வரலாம். இங்கே ஊகம் உதவாது, எழுத்தை எழுத்தாகப் பார்க்க வேண்டும். அதனால் வீடியோ பார்க்கிறவர்கள் பேனாவும் நோட்டும் இல்லாமல் உட்காரவே கூடாது. சொல்லை ஆங்கில எழுத்திலேயே கையால் எழுதி, வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு கிளையன்ட்டோடு போனில் பேச வேண்டிய நாள் வரும்போது அதுவும் உதவும்.

அப்புறம், எந்த வேர்ச்சொல் பட்டியலிலும் இல்லாத சொற்கள்தான் அதிகம் காலை வாரும். எல்லாம் சாதாரண ஆங்கிலச் சொற்கள். ‘பேஷன்ட் டினைஸ் செஸ்ட் பெயின்’ என்றால் நோயாளி எதையோ மறைக்கிறார் என்று பொருளில்லை, நெஞ்சுவலி இல்லை என்று சொன்னார், அவ்வளவுதான். ‘அன்ரிமார்க்கபிள்’ என்றால் பார்த்ததில் கோளாறு ஒன்றும் இல்லை. ‘ஸ்டேட்டஸ் போஸ்ட்’ என்றால் அந்த ஆபரேஷன் ஏற்கெனவே முடிந்துவிட்டது, இன்றைக்குச் செய்ததல்ல. இன்றைய பில்லில் அதைச் சேர்த்துவிட்டால் பெரிய தப்பு.

‘ரூல் அவுட் நிமோனியா’ என்பது ஃப்ரெஷர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டுகிற இடம். நிமோனியாவாக இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். புறநோயாளி என்றால் சந்தேகத்தைக் கோட் செய்யக் கூடாது. இருமல், காய்ச்சல் என்று என்ன அறிகுறி இருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும். அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அந்தச் சந்தேகம் தீராமல் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால், மருத்துவமனைக்கான பில்லில் நோய் இருப்பதாகவே கொண்டு கோட் செய்யலாம். ஒரே சொல்தான், நோயாளி எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது. ‘ஹிஸ்டரி ஆஃப்’ இன்னும் மோசம். மார்பகப் புற்றுநோய்க்கு முன்னால் அது வந்து, சிகிச்சையும் எப்போதோ முடிந்திருந்தால், பழைய நோய் என்று தனிக் குறியீடு. ஆனால் ‘ஹிஸ்டரி ஆஃப் டயபடிஸ்’ என்று எழுதிவிட்டு அதே சார்ட்டில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையையும் எழுதியிருப்பார் டாக்டர், அதாவது நோய் இன்னும் இருக்கிறது. டாக்டர்கள் இலக்கணம் பார்த்து எழுதுவதில்லை.

சரி, வீட்டில் எப்படிப் படிப்பது? அகர வரிசையில் சொற்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வாரம் ஓர் உறுப்பு மண்டலம். முதலில் படம் வரையுங்கள், அழகாக வரவேண்டும் என்று இல்லை. பித்தம் கல்லீரலில் சுரக்கிறது, பித்தப்பையில் தேங்குகிறது, அங்கிருந்து சின்னக் குழாய் வழியாகப் பொதுப் பித்தநாளத்துக்கு வந்து முன்சிறுகுடலில் இறங்குகிறது. இதை வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் அதன் சொல்லை எழுதுங்கள்: பித்தப்பைக்குக் கோலிசிஸ்ட், பித்தக் குழாய்களுக்குக் கோலாஞ்சியோ, பொதுப் பித்தநாளத்துக்குக் கோலிடோக்கோ. பிறகு பித்தப்பை ஆபரேஷன் ரிப்போர்ட் ஒன்றை எடுங்கள். பயிற்சிக்கான மாதிரி ரிப்போர்ட்டுகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும்.

சிபிடியில் லேப்ரோஸ்கோபி வழியாகப் பித்தப்பையை எடுப்பதற்கு வரிசையாக மூன்று எண்கள் இருக்கின்றன. பையை மட்டும் எடுத்தால் 47562. எடுக்கும்போதே சாயம் செலுத்திக் குழாய்களை எக்ஸ்ரே பார்த்தால், அதாவது கோலாஞ்சியோகிராம் செய்தால் 47563. பொதுப் பித்தநாளத்தைத் திறந்து உள்ளே கல் இருக்கிறதா என்று ஆராய்ந்தால் 47564. ரிப்போர்ட்டின் தலைப்பில் பெரும்பாலும் ‘லேப் கோலி’ என்று மொட்டையாகத்தான் இருக்கும். கோலாஞ்சியோகிராம் செய்த விஷயம் நாலாவது பத்தியில், நடுவில் ஒரே ஒரு வரியாக ஒளிந்திருக்கும். படம் வரைந்து படித்தவர் அந்த வரியைத் தாண்டிப் போக மாட்டார். கோலி என்றால் பித்தம் என்று மட்டும் படித்தவருக்கு மூன்றும் ஒன்றுதான்.

படித்து முடித்ததும், அந்த ஆபரேஷனில் என்ன நடந்தது என்று வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ புரிகிற மாதிரி தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் திக்குகிறதோ அந்த இடம் உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். என் பயிற்சி வகுப்பில் நான் வைக்கும் டெஸ்ட்டும் இதுதான்.

இனி பணத்துக்கு வருவோம். இந்தத் துறையில் பெரும்பாலானோர் எழுதும் தேர்வு அமெரிக்காவின் ஏஏபிசி அமைப்பு நடத்தும் சிபிசி. 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். கோட் புத்தகங்களை வைத்துக்கொண்டே எழுதலாம். இதில் மருத்துவச் சொற்கள் என்ற தலைப்பில் வருவது 4 கேள்விகள், உடற்கூறியலில் 4. அதனால்தான் பல வகுப்புகள் இந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே பி.டி.எஃப் அனுப்பி முடித்துவிடுகின்றன. ஆனால் சர்ஜரி, ரேடியாலஜி, பேத்தாலஜி என்று மிச்சக் கேள்விகளில் பெரும்பாலானவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளவே அந்தச் சொற்கள் வேண்டும். வேலையிலும் அப்படித்தான். பயிற்சி மையம் தன் லெட்டர்ஹெட்டில் தருகிற ‘மெடிக்கல் டெர்மினாலஜி சர்டிஃபிகேட்’டை இன்டர்வியூவில் நான் பார்ப்பதே இல்லை. ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன்.

சொற்களைப் படிக்க மட்டும் என்றால் பணமே தேவையில்லை. அமெரிக்க அரசின் மெட்லைன்பிளஸ் தளத்தில் மருத்துவச் சொற்களுக்கான பாடம் இலவசம். ஐசிடி-10-சிஎம் குறியீடுகளும் அவற்றின் விதிமுறைகளும் அரசாங்க வெளியீடு என்பதால் அவையும் இலவசம். உடற்கூறியலுக்கு ஓபன்ஸ்டாக்ஸ் பாடப்புத்தகத்தைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். சிபிடி மட்டும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் காப்புரிமை, புத்தகம் வாங்கித்தான் ஆக வேண்டும். டெலிகிராமில் சுற்றுகிற திருட்டு பி.டி.எஃப்களை நம்பாதீர்கள், பெரும்பாலும் பழைய பதிப்பு. சிபிடி ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று மாறும்.

‘லைஃப்டைம் ஆக்சஸ்’ என்று விற்கிற ரெக்கார்டட் வகுப்புகளிலும் இதே கோளாறு. சேருவதற்கு முன் டெமோ வீடியோவில் அவுட்பேஷன்ட் விசிட் பாடத்தைக் காட்டச் சொல்லுங்கள். 99201 என்ற எண்ணை இன்னும் நடப்பில் இருப்பதுபோல் சொல்லிக் கொடுத்தால் அந்த வீடியோ 2021க்கு முந்தையது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே அந்தக் குறியீட்டை நீக்கிவிட்டார்கள்.

‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று சொல்லி ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்கிற இடத்துக்குப் போகவே போகாதீர்கள். எவ்வளவு பெரிய ஆபீஸாக இருந்தாலும் சரி. நர்சிங், பிசியோதெரபி முடித்தவர்கள் சொற்களுக்கான தனி மாட்யூலுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாதது கோடிங் விதிகள்தான், அதற்கு மட்டும் சேர்ந்தால் போதும். மற்றவர்கள் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: நான் கோட் செய்த ரிப்போர்ட்டை ஓர் ஆள் பார்த்து, எங்கே தப்பு என்று எழுதித் தருவாரா, வாரத்துக்கு எத்தனை ரிப்போர்ட்? ‘வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க, பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால், அந்தக் காசில் இந்த ஆண்டு சிபிடி புத்தகத்தை வாங்கிவிடுங்கள்.