கவாத்து என்னும் சொல்

‘ஆயுதப்படை மைதானத்தில் நடந்த வாராந்திரக் கவாத்துப் பயிற்சியை எஸ்.பி. பார்வையிட்டார்.’ மாவட்டச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகிற வரி. காவலர்கள் வரிசையாக நிற்கிறார்கள், நடக்கிறார்கள், சல்யூட் அடிக்கிறார்கள் என்று நமக்கும் குத்துமதிப்பாகப் புரிந்துவிடுகிறது. இதே சொல் ‘டிரில்’ என்று ஆங்கிலத்தில் வந்தால் மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் ‘அணிவகுப்பு’ என்று எழுதிவிடுகிறார். ராணுவப் பயிற்சிப் பள்ளிகளைச் சீர்திருத்துவது பற்றித் தமிழில் எழுதப்படுகிறவற்றைப் படிக்கும்போது எனக்கு மிகவும் உறுத்துவது இந்த ஒரு சொல்தான். அணிவகுப்பு என்பது பரேடு. பிறர் பார்ப்பதற்காக நடப்பது. கவாத்து அதற்கு முந்தைய, யாரும் பார்க்காத வேலை.

சொல் எங்கிருந்து வந்தது? அரபியில் ‘காயிதா’ என்றால் அடித்தளம், விதி. ‘உட்கார்’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. கட்டடத்தைத் தாங்கிக்கொண்டு கீழே அமர்ந்திருப்பதுதானே அடித்தளம்! அதன் பன்மை ‘கவாயித்’, அதாவது விதிகள். அரபியிலும் உருதுவிலும் இலக்கணத்துக்கும் இதுதான் பெயர். ஒரு மொழியைப் பிழையில்லாமல் பேச வைக்கும் விதிகளும், ஒரு படையைப் பிழையில்லாமல் நகர வைக்கும் விதிகளும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எனக்கு இது மிகவும் பிடித்த பொருத்தம்.

உருது வழியாகத் தெற்கே வந்தபோது சொல்லின் வால் நம் நாக்குக்கு ஏற்ப மாறியது. ‘ரத்’ ரத்து ஆனதுபோல, ‘மராமத்’ மராமத்து ஆனதுபோல, ‘கவாயித்’ கவாத்து ஆயிற்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே சொல் சிறு வேறுபாடுகளோடு இருக்கிறது. (மரக்கிளைகளை வெட்டிவிடுவதையும் கவாத்து என்கிறோம். தோட்டக்கலைக் குறிப்பில் வரும் கவாத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

டிரில் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. டச்சு மொழியில் ‘டிரில்லன்’ என்றால் துளையிடுதல், சுழற்றுதல். துளை போடும் கருவிக்கும் படைப்பயிற்சிக்கும் ஒரே பெயர் வந்தது அதனால்தான். அது டச்சுக்காரர்களிடமிருந்து வந்ததற்குக் காரணமும் இருக்கிறது. 1590களில் டச்சுப் படைத்தலைவரான நாசாவ் இளவரசர் மாரிஸும் அவருடைய உறவினர்களும் பழைய கிரேக்க, ரோமானியப் போர்நூல்களைப் படித்துத் தங்கள் படைக்குப் புதிய பயிற்சிமுறை வகுத்தார்கள். மஸ்கெட் என்ற அந்தக்காலத் துப்பாக்கியை நிரப்பிச் சுடும் வேலையை 40க்கும் மேற்பட்ட அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு படம் போட்ட நூல் 1607இல் வந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கட்டளை. கை தானாகச் செய்யும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய் நிரப்பிக்கொள்ளும், அடுத்த வரிசை சுடும். எதிரில் குதிரைப்படை பாய்ந்து வரும்போது இதைப் பதறாமல் செய்யக் கவாத்து வேண்டும்.

அதன் வலிமையைச் சென்னையே பார்த்திருக்கிறது. 1746இல் அடையாற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர்களின் சிறுபடை ஆற்காட்டு நவாபின் பல ஆயிரம் பேர் கொண்ட படையைச் சிதறடித்தது. அந்தச் சிறுபடையில் சுமார் ஆயிரம் பேர்தான், அவர்களிலும் பலர் இந்தியச் சிப்பாய்கள். இரண்டு வருடம் கழித்து ஆங்கிலேய அதிகாரி ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் கடலூருக்குப் பக்கத்தில் உள்ள செயிண்ட் டேவிட் கோட்டைக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைப் பழக்க ஆரம்பித்தார்.

ஆனால் ‘விதி’ என்ற பொருள் திசை மாறினால் என்ன ஆகும் என்பதையும் நம் மண்தான் பார்த்தது. கவாத்து மைதானத்தில் சிப்பாய்கள் தாடையை மழித்திருக்க வேண்டும், நெற்றிக்குறியும் காதணியும் கூடாது, தலையில் புதுவகைத் தலைப்பாகை என்று கம்பெனி விதி போட்டது. சண்டையிடும் திறமைக்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எல்லாம் பார்வைக்கு. 1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது எங்கள் உஸ்தாத் (பயிற்சியாளர்) ‘தைனே முட்’, அதாவது வலப்பக்கம் திரும்பு, என்ற ஒரே கட்டளையை ஒரு காலை முழுக்கக் கொடுத்தார். வலது குதிகால், இடது முன்பாதம், திரும்பு, காலைச் சேர். ‘ஏக், தோ-தீன், ஏக்’ என்று நாங்களே கத்த வேண்டும். எதற்கு இந்த வெட்டி வேலை என்றுதான் அன்று தோன்றியது. முகாமில் .22 ரைபிள் சுடும்போது ஒரு தோட்டா வெடிக்கவில்லை. குழலை இலக்கை விட்டு அசைக்காமல், விரலை விசையிலிருந்து எடுத்து, இடக்கையைத் தூக்கியிருந்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் நெஞ்சு படபடத்தது. துப்பாக்கிப் பாடத்திலும் இந்த மூன்று அசைவுகளை இப்படித்தான் எண்ணி எண்ணிச் செய்ய வைத்திருந்தார். கவாத்து என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மலையாளத்தில் ‘சாயிப்பைக் கண்டால் கவாத்து மறக்கும்’ என்று ஒரு பழமொழி உண்டு. சாயிப்பு என்றால் வெள்ளைக்காரத் துரை. மேலதிகாரி முன்னால் மறந்துபோவது அணிவகுப்புக்காக மனப்பாடம் செய்தது. சித்திரமும் கைப்பழக்கம் என்கிறோமே, அந்தக் கைப்பழக்கம் மறக்காது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஒத்திகை’ என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தீ விபத்து ஒத்திகைக்கு அது மிகப் பொருத்தம், ஏனென்றால் அங்கே நடப்பது ஒரு முழு நிகழ்ச்சியின் முன்னோட்டம். டிரில் அப்படியல்ல, ஒரே அசைவின் ஆயிரமாவது தடவை. ‘பயிற்சி’யில் அந்தப் பொருள் உண்மையில் இருக்கிறது. ‘பயில்’ என்றால் கற்பது மட்டுமல்ல, அடிக்கடி வருவதும்கூட. ‘இப்பாடலில் எதுகை பயின்று வந்துள்ளது’ என்று தமிழாசிரியர் சொல்வாரே, அந்தப் பயில். ஆனால் இன்றைக்கு ஒருநாள் கருத்தரங்குக்கும் பயிற்சி என்றே பெயர் வைத்துவிட்டோம். அதனால் அடைமொழி இல்லாமல் அது நிற்காது.

என் முடிவு இது. வரிசையாக நடக்கும் கவாத்துக்கு ‘அணிநடைப் பயிற்சி’ சரி. ஆயுதத்தைக் கையாளும் கவாத்துக்குப் ‘படிமுறைப் பயிற்சி’ என்று சொல்லலாம், ஏனென்றால் அதன் உயிரே படிப்படியாகப் பிரிப்பதில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘கவாத்து’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம். அது எப்போதோ நம்முடையதாகிவிட்டது.

இது வெறும் சொல் தகராறு இல்லை. ராணுவத்துக்குக் குறுகிய காலத்துக்கு ஆளெடுக்க 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணிக்குள்ளேயே பயிற்சிக் காலமும் அடங்கிவிடுகிறது. நேரம் சுருங்கும்போது எதைக் குறைக்கலாம் என்ற கேள்வி தானாக வரும். அணிவகுப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், நானும் கைதூக்குவேன். நிறைவு விழாவுக்காக வாரக்கணக்கில் வெயிலில் நடப்பதைக் குறைத்தால் படை பலவீனமாகிவிடாது. ஆனால் பாடத்திட்டத்தில் டிரில் என்று இருப்பதையெல்லாம் ‘அணிவகுப்பு’ என்று மொழிபெயர்த்து வைத்தால், அதைப் படித்துவிட்டு வெட்டச் சொல்கிறவர் துப்பாக்கி அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பாடத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார்.