பெயிண்டுக்கு முன்னால் ஒயரிங்: பழைய புல்லட்டை வீட்டிலேயே பிரித்துக் கட்டுபவர்களுக்கு

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி தள்ளிக்கொண்டு வந்த புல்லட்டைப் பார்த்ததும் பட்டறையில் இருந்தவர்கள் கைவேலையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள். அவருடைய தாத்தா ஓட்டிய வண்டி. இரண்டு வருடம் மொட்டை மாடிக் கொட்டகையில் வைத்து, ஞாயிறு ஞாயிறாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார். சேசிஸ் முழுக்கப் பளபளக்கும் கறுப்பு பவுடர் கோட்டிங், டேங்க்கில் கையால் இழுத்த தங்கக் கோடு, கண்ணாடி போல் குரோம். ஆனால் கிளட்ச் கேபிளின் மேலுறை ஓரிடத்தில் இளகி வழிந்திருந்தது.

"லைட் மங்கலா இருந்துச்சுண்ணே. பெரிய பல்பு போட்டேன், அப்புறம் ரெண்டு ஃபாக் லேம்ப் மாட்டினேன். ராத்திரி இருபது நிமிஷம் ஓட்டினதும் கிளட்ச் லீவர் பக்கம் கருகுற வாசனை" என்றார்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹெட்லைட் கூட்டின் இரும்பிலும் வைத்து விளக்கைப் போடச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 3 வோல்ட் காட்டியது. விளக்குகளுக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர முறையான எர்த் இல்லை. பவுடர் கோட்டிங் ஒரு பிளாஸ்டிக் பூச்சு, கரண்டைக் கடத்தாது. எர்த் போல்ட் அந்தப் பூச்சின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. கரண்ட் எப்படியாவது வீடு திரும்பத்தான் பார்க்கும். ஹேண்டில்பாரில் இருந்து எஞ்சின் வரை ஓடும் இரும்புகளில் ஒன்று கிளட்ச் கேபிள். அது எர்த் ஒயர் வேலையைப் பார்த்திருக்கிறது. கேபிளுக்கு மேலே டேங்க், டேங்க்கில் எட்டு லிட்டர் பெட்ரோல்.

இருபது வருடத்துக்கு மேலாகச் சென்னையில் பழைய வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். வீட்டில் கட்டி எடுத்து வரும் வண்டிகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: எஞ்சினுக்கு ஆறு மாதம், பெயிண்டுக்கு மூன்று மாதம், ஒயரிங்குக்குக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம். அதை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெயிண்ட் அடிப்பதற்கு முன், வெறும் சேசிஸில் எஞ்சினையும் டேங்க்கையும் ஹெட்லைட்டையும் சும்மா பூட்டி நிறுத்திவிட்டு, ஒயரிங்கை முழுதாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எந்த ஒயர் எங்கே வளைகிறது, எங்கே உரசுகிறது, எர்த் எங்கே பிடிக்கலாம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எர்த் போல்ட் வரும் இடங்களில் டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பிறகு கோட்டிங்குக்குக் கொடுங்கள்.

பழைய புல்லட்டை எடுத்துக் கட்டுவது வீண் ஆசை என்று நான் சொல்லமாட்டேன். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து தொடங்கி, திருவொற்றியூரில் வருடக்கணக்காக வார்த்தெடுத்த வண்டி அது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். எஞ்சின் தேய்ந்தாலும் போர் போட்டு, பிஸ்டன் மாற்றி ஓட்டலாம். ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்தால் இன்றும் பாகம் கிடைக்கும். ஐம்பது வருட ஒயரை மட்டும் காப்பாற்ற முடியாது. மேலுறை வறண்டு பொருக்குத் தட்டியிருக்கும், உள்ளே செம்பு கறுத்துப் போயிருக்கும். அதை ஒட்டுப் போடாதீர்கள், முழுதாகக் கழற்றி எறியுங்கள். எறிவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு முனையிலும் சீட்டு கட்டிவையுங்கள்.

அடுத்த வேலை காகிதத்தில். ஒரு பெரிய தாளில் பேட்டரி, அம்மீட்டர், சாவி, ஸ்பார்க்குக்கான காய்ல், விளக்குகள், ஹாரன், கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் வண்டியில் இருக்கிற இடத்துக்கு ஏற்ப வரைந்து கோடு இழுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் நிறமும் கனமும் எழுதுங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் முறையில் நீலம்-வெள்ளை ஹை பீம், நீலம்-சிவப்பு டிம், பச்சை-சிவப்பு இடது இண்டிகேட்டர், பச்சை-வெள்ளை வலது. அதையே பின்பற்றினால் நாளைக்கு வேறொரு எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தாலும் புரியும். கடையில் சிவப்பு மட்டும்தான் இருந்தது என்று மொத்த வண்டியையும் சிவப்பிலேயே ஓட்டியவர்கள் உண்டு. அதில் ஒரு கோளாறு வந்தால் நானும் முதலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பேட்டரி முனையைத் தொடும் முன் எந்தப் பக்கம் எர்த் என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரியின் கூட்டல் முனை சேசிஸோடு இருக்கும். இது தெரியாமல் சார்ஜைக் கட்டுப்படுத்தும் புது எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை மாட்டினால் சாவி போட்ட நொடியில் அது போய்விடும். முழுக்க மாற்றிக் கட்டுவதாக இருந்தால் நெகட்டிவ் எர்த்துக்கே வந்துவிடுங்கள். காய்லின் முனைகளையும் அம்மீட்டரின் முனைகளையும் மாற்றிப் போட மறக்க வேண்டாம்.

6 வோல்ட்டை 12 ஆக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆக்கலாம், எனக்கும் அதுவே பிடிக்கும். 30 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் இரண்டரைதான். அரை ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் இரண்டு மீட்டர் ஓடினால், 5 ஆம்பியரில் வழியிலேயே 0.35 வோல்ட் போய்விடும். 6 வோல்ட் வண்டிக்கு அது பெரிய இழப்பு. ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. காய்ல், பல்புகள், ஹாரன், ரெகுலேட்டர், ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயர் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். ஆல்டர்னேட்டர் எவ்வளவு தரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்தக் காலத்து 6 வோல்ட் வண்டிகளில் அது அறுபது வாட் அளவுக்குத்தான். 55/60 வாட் ஹாலஜன், இரண்டு ஃபாக் லேம்ப், காய்ல் எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றினால் பேட்டரிதான் கரையும். தம்பியின் வண்டியில் 60 வாட்டும் இரண்டு 35 வாட்டும் சேர்ந்து 130 வாட், கிட்டத்தட்ட 11 ஆம்பியர். ஆல்டர்னேட்டர் பாதிகூடத் தராது. எல்.இ.டி. போடுவதென்றால், ஹெட்லைட் நேரடியாக ஏசியில் ஓடும் மாடலா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ஏசியில் அது துடித்துத் துடித்து எரியும்.

ஒயர் வாங்கும்போது ஆட்டோ கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு ஒயரிங்கில் மீந்துபோன ஒயர் வேண்டாம். அதன் மேலுறை 70 டிகிரிக்கானது, உள்ளே கம்பிகள் கனமாகக் கொஞ்சமாக இருக்கும். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் ஒவ்வொன்றாக முறியும். ஆட்டோ கேபிளில் மெல்லிய இழைகள் நிறைய. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரியில் இருந்து வரும் மெயினுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம்., ஹெட்லைட்டுக்கு ஒன்றரை, சின்ன விளக்குகளுக்கு முக்கால். எர்த் எப்போதும் மெயின் அளவுக்குக் கனம்.

சோல்டர் வைப்பது உறுதி என்று நினைப்பவர்கள் அதிகம். ஈயம் இழைகளுக்குள் ஊறிப்போய் ஒயரைக் குச்சி போல விறைக்க வைத்துவிடும். ஈயம் முடிகிற இடத்தில் அதிர்வு பட்டுப் பட்டு முறியும். ஒயர் முனையில் மாட்டும் சரியான உலோக லக்கும், அதை ஒயரோடு அழுத்திப் பிடிக்கவைக்கும் நல்ல கிரிம்ப் டூலும், சூடு காட்டினால் சுருங்கி மூடும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் போதும். கிரிம்ப் செய்ததும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. சாதாரண இன்சுலேஷன் டேப் சென்னை வெயிலில் ஒரு கோடையிலேயே பசையாக வழியும், பசை இல்லாத ஹார்னஸ் டேப் சுற்றுங்கள். ஹேண்டில்பார் கழுத்தில் ஒயருக்குத் தாராளமாக வளைவு விட்டு, இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஒயர் முறிவதில் முக்கால்வாசி அந்தக் கழுத்தில்தான்.

இப்போது எர்த். சேசிஸே எர்த், தனி ஒயர் எதற்கு என்ற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். பேட்டரி நெகட்டிவில் இருந்து எஞ்சினின் ஒரு போல்ட்டுக்கு ஒரு கனத்த ஒயர். அதே புள்ளியில் இருந்து சேசிஸுக்கு ஒன்று. ஹெட்லைட் கூட்டுக்குள் ஒன்று, டெயில் லேம்ப்புக்கு ஒன்று. போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். மழை நீர் போகாது.

ஃபியூஸ் பேட்டரி முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பழைய புல்லட்டில் வண்டியின் மொத்தக் கரண்டும் ஹெட்லைட் கூட்டில் இருக்கும் அம்மீட்டருக்குப் போய்த்தான் திரும்புகிறது. அந்த நீண்ட ஒயர் வழியில் எங்கே சேசிஸில் உரசினாலும், முன்னால் ஃபியூஸ் இல்லையென்றால் பேட்டரி மொத்தமும் அதில் கொட்டும். சிவந்து எரிய சில நொடி போதும். ஃபியூஸ் காப்பாற்றுவது பல்பை அல்ல, ஒயரை. எல்லா விளக்குகளும் ஹாரனும் சேர்த்து 10, 12 ஆம்பியர் வந்தால் 15 ஆம்பியர் ஃபியூஸ். அது அடிக்கடி போகிறதென்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, தேடுங்கள். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்த ஃபியூஸ் ஹோல்டர் ஒன்றை என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். அந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒயர் மொத்தமும் ஒரே கரித்துண்டாக ஒட்டிக்கிடந்தது.

முதல்முறை பேட்டரி கொடுக்கும்போது ஃபியூஸ் போடாதீர்கள். அந்த இடத்தில் 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றைச் செருகுங்கள். எங்கே ஷார்ட் இருந்தாலும் அந்த பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஒயரில் 1.75 ஆம்பியருக்கு மேல் போகவே போகாது. எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு இருட்டாக இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஹெட்லைட் மங்கலாகவும் பல்பு வெளிச்சமாகவும் இருந்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் வரிசையில் இருப்பதால் அப்படித்தான் இருக்கும். காய்லின் ஒயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டுச் சோதியுங்கள். பிளாட்டினம் (காய்லுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் கான்டாக்ட் பாயிண்ட்) மூடியிருக்கும் நிலையில் சாவியைப் போட்டே விட்டால் காய்ல் சூடேறிப் போய்விடும். எல்லாம் சரியென்றால் ஃபியூஸைப் போட்டு எஞ்சினை ஓட்டி, நடுத்தர வேகத்தில் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை நல்லது. 15ஐத் தொட்டால் ரெகுலேட்டரைப் பாருங்கள்.

என் தொழில் ஒயர் என்றாலும் இன்னும் சிலவற்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டேங்க் நெளிவை எடுக்க வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது ஆவி. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலப்பதால் பழைய ரப்பர் பெட்ரோல் டியூப் சீக்கிரம் வெடிப்பு விடும், புதிதாக மாற்றிவிடுங்கள்.

சட்டமும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. 2021ல் வந்த விண்டேஜ் விதி 50 வருடம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கானது. சேசிஸை அறுத்து சாப்பர் ஆக்கிய பிறகு அந்த வாசல் மூடிவிடும். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இருக்கும் இடங்களை மெருகு ஏற்றுகிறேன் என்று தேய்த்துவிடாதீர்கள்.

தம்பியின் வண்டிக்கு வருவோம். ஃபாக் லேம்ப் இரண்டையும் கழற்றிக் கையில் கொடுத்தேன், 35 வாட் பல்பையே திரும்ப மாட்டினேன். நான்கு இடத்தில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டினேன், அதைப் பார்க்க அவருக்கு மனம் வலித்தது. 3 வோல்ட் காட்டிய இடத்தில் மீட்டர் 0.1 காட்டியது. அதற்குப் பிறகு அந்தப் பழைய 35 வாட் பல்பு, அவர் போட்டிருந்த 60 வாட்டைவிட வெளிச்சமாக எரிந்தது.

வண்டியை எடுக்க வந்த அன்று தாத்தா சொல்லிக்கொடுத்த மாதிரியே ஸ்டார்ட் செய்தார். சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, எஞ்சின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து ஒரு துளி தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா எர்த் போல்ட்டையும் ஒருமுறை முடுக்கச் சொல்லி அனுப்பினேன். அவர் வரைந்த ஒயரிங் படத்தில் நான் மாற்றிய நான்கு கோடுகளையும் பச்சை மையில் வரைந்து, லேமினேட் போட்டு, டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.