மீன்பிடித் தடைக்காலம்: 61 நாள் விதியும் 8,000 ரூபாய் நிவாரணமும்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் இந்தத் தடை விதிக்கப்படுகிறது. 2001இல் 45 நாள்களாகத் தொடங்கி, 2017இல் 61 நாள்களாக நீண்டது. டெல்டாவில் கொள்ளிட முகத்துவாரத்தை ஒட்டிய பழையாறு முதல் தரங்கம்பாடி, நாகப்பட்டினம், கோடியக்கரை வழியாக மல்லிப்பட்டினம் வரை எல்லாத் துறைகளுக்கும் இது பொருந்தும். நாட்டுப் படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் தடையில்லை.

பல வகை மீன்களும் இறாலும் சினைப்பிடித்து இனம் பெருக்கும் மாதங்கள் இவை. இழுவலை கடலடித் தரையை வாரிக்கொண்டு போவதால் சினை மீன், குஞ்சு, கடற்புல் என்ற பேதமின்றி எல்லாம் மடியில், அதாவது வலையின் பை போன்ற கடைப்பகுதியில், வந்து விழும். அந்தக் கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காகவே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. புல் அறுபட்டால் கடற்பசு மட்டுமல்ல, அதனுள் வளரும் இறால் குஞ்சும் போய்விடும். அந்த இழப்பு அடுத்த பருவத்து வலையில்தான் தெரியும்.

தடையால் வருமானம் இழக்கும் கடல் மீனவக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் மாநில அரசு நிவாரணம் வழங்குகிறது. முன்பு 5,000 ரூபாயாக இருந்த தொகையை 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023இல் வெளியானது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 131 ரூபாய். ஒரு குடும்பத்தின் அடுப்பெரிய இது போதாது என்பதே என் கருத்து. ஆயினும் இது படகு உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. பிறர் படகில் பங்குக்குத் தொழில் செய்பவரின் குடும்பமும் இதற்கு உரியது; இதை அறியாமல் ஒதுங்கி நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொகை வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேரும் என்பதால், குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் விவரம் ஆகியவற்றில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று நிவாரணத்துக்கான கணக்கெடுப்புக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இதே நாள்களில்தான் கரையேற்றிய படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, வண்ணம் பூசி, வலையைச் சீர்செய்வார்கள். மீன்வளத் துறை அலுவலர்கள் பதிவுச் சான்று, உரிமம், எஞ்சின் திறன், வலை ஆகியவற்றை ஆய்வு செய்வதும் அப்போதே. தடை முடிந்த பிறகும் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும். இழுவலை மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால், மீன்வளத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். அங்கே பதில் கிடைக்காவிட்டால், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் அச்சீட்டின் நகலை இணைத்து மனு அளிக்கலாம்.